பிறந்தநாள் வாழ்த்தை ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்போது

1950ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் இருக்கும் ஆஸ்பென் நகரம். சைகோவ்ஸ்கியின் இரண்டாம் சிம்பொனியை ஒத்திகை பார்ப்பதற்காகக் கோலை உயர்த்துகிறார் இசையமைப்பாளர் ஈகோர் ஸ்ட்ராவின்ஸ்கி. கோல் இறங்குகிறது. வருவது சைகோவ்ஸ்கி இல்லை. துள்ளித் துள்ளி ஓடும் வேறு ஏதோ ஒரு சின்ன மெட்டு. குழுவில் ஒருவர் அப்போதுதான் தந்தையாகியிருந்தார். அவருக்காக மற்றவர்கள் கூடிப் பேசிவைத்துக்கொண்டு ‘ஹேப்பி பர்த்டே’ வாசித்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ராவின்ஸ்கிக்கு அந்த மெட்டே தெரியாது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கலக்கிய மனிதர், அறுபது வயதைத் தாண்டியவர், ஊர் உலகமெல்லாம் பாடுகிற பாட்டைக் கேட்டதில்லை. திகைத்துப்போய் நின்றார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அதே மெட்டை அவரே கையில் எடுத்தார். நடத்துநர் பியேர் மோன்டூவுக்கு 1955 ஏப்ரல் 4 அன்று எண்பது வயது நிறைந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி மோன்டூவுக்குப் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல. 1911இல் ‘பெட்ருஷ்கா’, 1913 மே 29 அன்று ‘தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ என்று அவர் இசையமைத்த இரண்டு பாலே நடனங்களின் முதல் மேடையேற்றத்தையும் நடத்தியவர் மோன்டூ. இரண்டாவதில் பாரிஸ் அரங்கமே கூச்சலில் அதிர்ந்தபோது, கோலைக் கீழே வைக்காமல் கடைசி அடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்படிப்பட்டவருக்கு எண்பதாம் வயதில் ஸ்ட்ராவின்ஸ்கி அனுப்பிய பரிசு ஒரு நிமிடம்கூட ஓடாது. பெயர் ‘கிரீட்டிங் ப்ரிலூட்’. பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. நடத்தியவர் சார்ல் மூன்ஷ்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மெட்டின் சுரங்கள் வழக்கமான வரிசையில்தான் வருகின்றன. ஆனால் அடுத்தடுத்த சுரங்கள் ஒரே ஸ்தாயியில் உட்காருவதில்லை. ஒன்று தரையில் கிடக்கும், அடுத்தது கூரையில் தொங்கும், மூன்றாவது வேறொரு கருவியின் வாயிலிருந்து வரும். இது போதாதென்று ஒரு குரலை இன்னொரு குரல் துரத்துகிற கேனன் வேறு. காது முதல் சில நொடிகள் தடுமாறுகிறது. ஏதோ சிடுக்கான நவீன இசை என்று நினைக்கிறோம். பிறகு சட்டென்று பிடிபடுகிறது: அட, இதுவா! பிடிபட்ட கணத்தில் படைப்பு முடிந்தும்விடுகிறது. ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வைத்து எழுதும் பன்னிரு சுர முறைப் பக்கம் ஸ்ட்ராவின்ஸ்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தப் பயிற்சியின் சாயல் இதில் நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆஸ்பென் ஒத்திகையில் தனக்கு நேர்ந்ததைத்தான் அவர் எண்பது வயது நண்பருக்குத் திருப்பிச் செய்தார். ‘ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று வாழ்த்துவது’ என்கிற வழக்கத்தையே இசையின் அமைப்பாக மாற்றினார்.

பிறந்தநாளை வைத்து எழுதப்பட்ட ஆர்கெஸ்ட்ரா படைப்புகளைப் பிரித்துப் பார்க்க எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும். வாழ்த்துப் பாட்டின் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் அன்றைய இரவுக்குக் கைதட்டல் வாங்கினார்கள். பிறந்தநாள் என்கிற வழக்கத்தின் உள்ளே இருக்கும் இயக்கங்களை, அதாவது ஒளித்துவைப்பது, பெயர் சொல்லுவது, வயதை எண்ணுவது, பலர் சேர்ந்து ஒன்றைக் கொடுப்பது போன்றவற்றை எடுத்துக்கொண்டவர்களின் படைப்புகள்தான் பிறந்தநாள் முடிந்த பிறகும் வாசிக்கப்படுகின்றன.

மெட்டின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுரமாக எழுதிப் பார்த்தால் அதன் கெட்டிக்காரத்தனம் தெரியும். மூன்று எண்ணிக்கைத் தாளம், அதீத எடுப்பு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கு முன்பே பாட்டு தொடங்கிவிடும். முதல் வரி ‘ப ப த ப ஸ நி’. இரண்டாவது ‘ப ப த ப ரி ஸ’. ஒரே ஒரு இடம்தான் மாறியிருக்கிறது: முதல் தடவை பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குத் தாவியவர்கள், இரண்டாம் தடவை இன்னும் ஒரு படி ஏறி ரிஷபத்துக்குத் தாவுகிறார்கள். மூன்றாவது வரியில் ‘ப ப’ என்று தொடங்கி நேராக மேல் பஞ்சமத்துக்கு ஒரே எட்டு, ஒரு முழு ஸ்தாயி. அங்கிருந்து ‘க ஸ நி த’ என்று இறக்கம். கடைசி வரி ‘ம ம க ஸ ரி ஸ’. தாவல் வரிக்கு வரி பெரிதாகிக்கொண்டே போய், உச்சத்தைத் தொட்டு, வீட்டுக்கு வந்து சேருகிறது. இதற்கு மேல் சிக்கனமாக ஒரு மெட்டு போட முடியாது.

கூட்டமாகப் பாடும்போது இந்த மூன்றாவது வரியில்தான் எல்லாம் கவிழ்கிறது. யாரோ ஒருவர் உயரமாக எடுத்துவைத்த சுருதி, அந்த ஸ்தாயித் தாவலில் பாதிப் பேரின் தொண்டையைக் காலி செய்துவிடும். அடுத்து வருவது பெயர். ஓரசைப் பெயரும் இருக்கும், ஐந்தசைப் பெயரும் இருக்கும். சிலர் முழுப்பெயரைச் சொல்ல, சிலர் செல்லப்பெயரைச் சொல்ல, தாளம் அங்கே நின்று தள்ளாடிவிட்டுத்தான் நகரும். உலகத்தில் மிக அதிகம் பாடப்படும் மெட்டில் ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரே இடம் இந்தப் பெயர்தான். பிறந்தநாள் இசையில் பெயர் எத்தனை பெரிய விஷயமாக மாறியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மெட்டை எழுதியவர்கள் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லைச் சேர்ந்த சகோதரிகள் மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில். 1893இல் வெளிவந்த மழலையர் பள்ளிப் பாடல் தொகுப்பில் அது காலை வணக்கம் சொல்லும் பாட்டு. பிறந்தநாள் வரிகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. 1935இல் சம்மி என்ற பதிப்பு நிறுவனம் பிறந்தநாள் பாட்டுக்கு உரிமை பதிவு செய்தது. கைமாறிக் கைமாறி 1988இல் அது வார்னர் சேப்பல் வசம் போனது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் ராயல்டி வந்துகொண்டிருந்ததாகக் கணக்கு. படங்களில் பிறந்தநாள் காட்சி வந்தால் வேறு ஏதாவது பாட்டைப் பாடிச் சமாளித்ததற்குக் காரணம் இதுதான். 2013இல் ஓர் ஆவணப்பட இயக்குநர் வழக்குப் போட்டார். 2015 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி ஜார்ஜ் கிங், பாட்டின் வரிகளுக்கு அந்த நிறுவனத்திடம் செல்லத்தக்க உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார். மறு ஆண்டு 1.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பாட்டு பொதுச்சொத்தானது.

வழக்கில் ஒரு விநோதம் உண்டு. மெட்டின் உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது என்பதில் இரு தரப்புக்கும் தகராறே இருக்கவில்லை. சண்டையெல்லாம் வரிகளைப் பற்றியதுதான். ஆர்கெஸ்ட்ராவோ வரியே இல்லாமல் மெட்டை மட்டும் வாசிப்பது! ஆனாலும் பயம் பயம்தான். ஸ்ட்ராவின்ஸ்கிக்கு இந்த விஷயத்தில் ஏற்கெனவே சூடுபட்ட அனுபவம் இருந்தது. தெருவில் யாரோ கைப்பெட்டி ஆர்கனில் சுற்றிய ஒரு மெட்டை, ஊர்ப் பொதுப் பாட்டுதானே என்று ‘பெட்ருஷ்கா’வில் சேர்த்துவிட்டார். அதை எழுதிய எமில் ஸ்பென்சர் உயிரோடு இருந்தார். ராயல்டியில் அவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது.

மெட்டை நேரடியாக எடுத்துக்கொண்டதற்கு நல்ல உதாரணம், திரைப்பட இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் 1995இல் எழுதிய ‘ஹேப்பி பர்த்டே வேரியேஷன்ஸ்’. அந்த ஆண்டு நடத்துநர் செய்ஜி ஒசாவாவுக்கு அறுபது, வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மனுக்கு ஐம்பது, செல்லோ கலைஞர் யோ-யோ மாவுக்கு நாற்பது. மூவருக்கும் சேர்த்து ஒரே பரிசு. பளபளப்பான வேலை, ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு மூலையும் மின்னுகிறது, சிரிக்கவும் வைக்கிறது. ஆனால் மெட்டு முதல் நொடியிலேயே தெரிந்துவிடுவதால் அடுத்து எந்த உடையில் வரப்போகிறது என்பது மட்டும்தான் கேள்வி. ஸ்ட்ராவின்ஸ்கி நாற்பத்தைந்து நொடியில் முடித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதைக் கேட்கும்போதுதான்.

பிறந்தநாளுக்கு இசை எழுதுவது பழைய தொழில். ஒரு காலத்தில் அது அரண்மனைச் சம்பளத்தின் ஒரு பகுதி. ஹென்றி பர்செல் இங்கிலாந்தின் ராணி மேரிக்கு 1689 முதல் 1694 வரை ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்கு ஒரு வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தார். அந்த வகைப் படைப்புகளின் தலையெழுத்து, ஒரு நாள் வாசித்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுவது. செபாஸ்டியன் பாஹ் அந்த வீணடிப்பை ஒத்துக்கொள்ளவில்லை. 1733 டிசம்பர் 8 அன்று சாக்சனி ஆட்சியாளரின் மனைவி மரியா யோசெஃபாவின் பிறந்தநாளுக்கு லைப்சிக்கில் ஒரு கான்டாட்டா, அதாவது பாடகர்களும் கருவிகளும் சேர்ந்த படைப்பு, போட்டார். ‘முழங்குங்கள், முரசுகளே’ என்று வரி தொடங்கும். அதற்கேற்ப ஆர்கெஸ்ட்ராவின் முரசான டிம்பனி தனியாக முழங்கித்தான் இசையும் தொடங்கும். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவுக்கு அதே இசையைத் தூக்கிவைத்தார். வரிகள் மாறிவிட்டன, முரசு என்ற பேச்சே இல்லை. டிம்பனி மட்டும் அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ ஏன் டிம்பனியில் தொடங்குகிறது என்று யோசிப்பவர்களுக்கு விடை ஓர் அரச பிறந்தநாளில் கிடக்கிறது.

அரண்மனையிலிருந்து வீட்டுக்குள் பிறந்தநாள் இசை நுழைந்ததற்குப் பெயர்பெற்ற சாட்சி ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர். 1870 டிசம்பர் 25, லூசெர்ன் ஏரிக்கரையில் டிரிப்ஷன் இல்லம். மனைவி கோசிமாவின் பிறந்தநாள் 24. கொண்டாடுவது 25. காலையில் அவர் கண்விழிக்கும்போது மாடிப்படிகளில் பதினைந்து பேர் அளவிலான சிறு குழு ‘சீக்ஃபிரீட் இடில்’ வாசித்துக்கொண்டிருக்கிறது. ஒத்திகை எல்லாம் ரகசியமாக நடந்தது. பதின்மூன்றே தாளக் கட்டங்கள் வரும் டிரம்பெட் பகுதிக்காக நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர் அந்தக் கருவியைப் புதிதாகப் பழகினார். வீட்டில் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று படகில் ஏரி நடுவே போய் ஊதிப் பார்த்தார் என்று ஒரு கதையும் உண்டு. படைப்புக்குள் இருப்பது முழுக்கக் குடும்ப விஷயங்கள். 1878இல் பணமுடையால் வாக்னர் அதைப் பெரிய குழுவுக்கு ஏற்றபடி விரித்து அச்சுக்குக் கொடுத்தார். கோசிமாவுக்கு அதில் சற்றும் விருப்பமில்லை. தனக்கென்று வந்த பரிசு கடைத்தெருவுக்குப் போனால் யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் கேட்பவர்கள் பக்கமிருந்து பார்த்தால் நமக்கு லாபம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த மரபு புதுச் சூடு பிடித்தது. காரணமானவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பால் சாஹர். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து நடத்துநர், 1906 ஏப்ரல் 28 அன்று பிறந்தவர், 1926இல் பாசெல் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். ரோஷ் மருந்து நிறுவனக் குடும்பத்தில் திருமண உறவு ஏற்பட்டதால் கையில் பெரும் பணம் புழங்கியது. அந்தப் பணத்தைப் புது இசை எழுதச் சொல்லிக் கேட்பதற்குச் செலவழித்தார். பார்டோக்கின் ‘கம்பிக் கருவிகள், தாளக் கருவிகள், செலெஸ்டாவுக்கான இசை’, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘மெட்டமார்ஃபோசன்’, ஸ்ட்ராவின்ஸ்கியின் டி சுரக் கச்சேரிப் படைப்பு எல்லாம் இந்த ஒருவர் கேட்டதால் பிறந்தவை. அவருக்கு எழுபது வயதாகப்போகிறது என்றவுடன், செல்லோ மேதை ரோஸ்ட்ரோபோவிச் பன்னிரண்டு இசையமைப்பாளர்களிடம் போய் நின்றார். பிரிட்டன், பெரியோ, பூலேஸ், டுட்டியூ, ஹென்ஸே, ஹினாஸ்டெரா, லுட்டோஸ்வாவ்ஸ்கி எனப் பெரிய பெயர்கள். நிபந்தனை ஒன்றுதான்: சாஹரின் பெயரிலிருந்து எழுத வேண்டும்.

பெயரிலிருந்து எப்படி எழுதுவது? மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு எழுத்துகள்தான் பெயர். ஜெர்மன் வழக்கில் ஈ-ஃப்ளாட்டை ‘எஸ்’ என்பார்கள். பி-சுரத்தை ‘ஹெச்’ என்பார்கள். ஆக சாஹர் என்ற பெயரின் ஆறு எழுத்துகளில் முதல் ஐந்தான எஸ், ஏ, சி, ஹெச், ஈ நேராகவே சுரங்களாகிவிடுகின்றன. மிஞ்சுவது ‘ஆர்’. அதற்குப் பிரெஞ்சு, இத்தாலிய வழக்கிலிருந்து ‘ரே’, அதாவது டி, கடன் வாங்கிக்கொண்டார்கள். ஆறு எழுத்து, ஆறு சுரம், ஒன்றுகூடத் திரும்ப வருவதில்லை. பெயர் பொருந்தினாலும் இப்படியா பொருந்தும்! பாஹ் தன் சொந்தப் பெயரின் நான்கு எழுத்தை வைத்துச் செய்த பழைய விளையாட்டுதான் இது. ஆனால் ஆறு வெவ்வேறு சுரங்கள் கிடைப்பது, பன்னிரு சுரத்தில் பாதியைக் கையில் கொடுத்த மாதிரி. இருபதாம் நூற்றாண்டுக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

பன்னிருவரில் பியேர் பூலேஸ் மட்டும் தனிச் செல்லோவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ‘மெசாஜெஸ்கிஸ்’ என்ற அவருடைய படைப்பில் ஒரு தனிச் செல்லோவைச் சுற்றி மேலும் ஆறு செல்லோக்கள். ஆறு எழுத்துக்கு ஆறு பேர். சுரங்கள் பெயரிலிருந்து வந்தது போலவே தாளமும் பெயரிலிருந்தே வருகிறது: சாஹரின் எழுத்துகளை மோர்ஸ் தந்திக் குறியாக்கி, அதன் புள்ளியையும் கோட்டையும் குறில் நெடிலாக ஒலிக்க வைத்தார். எஸ் மூன்று புள்ளி, ஏ ஒரு புள்ளி ஒரு கோடு, ஹெச் நான்கு புள்ளி, ஈ ஒற்றைப் புள்ளி. கேட்கிற யாருக்கும் அது பெயராகக் கேட்காது. சரசரவென்று பாய்கிற ஒரு வேகம் மட்டும் கேட்கும். ஆனால் அந்த வேகம் ஒழுங்கில்லாமல் சிதறுவது போலவும், அதே சமயம் எதற்கோ கட்டுப்பட்டது போலவும் தோன்றுவதற்குக் காரணம், அடியில் ஒருவரின் பெயர் ஓடிக்கொண்டே இருப்பதுதான். பிறந்தநாள் பாட்டில் கூட்டம் தடுமாறுகிற அந்தப் பெயர் வரி இங்கே முழுப் படைப்பையும் தாங்கும் தூணாகிவிட்டது.

வாழ்த்துச் சொல்வதில் பூலேஸுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. கொடுத்த பரிசைத் திரும்ப எடுத்து வளர்த்துக்கொண்டே இருப்பார். அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டரின் எண்பதாவது பிறந்தநாளுக்காக 1988இல் ‘டெரீவ் 2’ என்று ஒன்றை எழுதினார். முதலில் அது சில நிமிடப் பரிசுதான். 2006இல் இறுதி வடிவம் வந்தபோது முக்கால் மணி நேரத்தைத் தொட்டிருந்தது. கருவிகள் பதினொன்று. எண்பதுக்குக் கொடுத்தது முழுசாகக் கைக்கு வந்து சேர்ந்தபோது கார்ட்டர் நூறை நெருங்கிக்கொண்டிருந்தார். சாஹரின் தொண்ணூறுக்கு எழுதிய ‘சூர் இன்சீஸ்’ கதையும் கிட்டத்தட்ட இதேதான். சிறிய பியானோப் படைப்பு ஒன்று மூன்று பியானோ, மூன்று ஹார்ப், மூன்று தாளக் கருவியாளர்கள் என்று மும்மடங்காகி, நாற்பது நிமிடப் பிரவாகமாகி, 2001இல் இசையமைப்புக்கான கிராவெமேயர் விருதையும் வாங்கியது. பூலேஸின் கடைசிக் காலப் படைப்புகளில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் எதைக் கேட்பது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பிறந்தநாள் என்று ஒன்று தேதி வைத்து நெருக்கியிருக்காவிட்டால், எதையும் முடிக்கத் தயங்கிய மனிதர் இதைத் தொடங்கியாவது இருப்பாரா என்பது சந்தேகம்.

பலர் சேர்ந்து ஒருவருக்குக் கொடுப்பது என்ற வழக்கத்துக்கு ஆர்கெஸ்ட்ராவில் நல்ல உதாரணம் 1988 ஆகஸ்டு. அமெரிக்க இசையமைப்பாளரும் நடத்துநருமான லெனார்ட் பெர்ன்ஸ்டைனுக்கு எழுபது. பாஸ்டன் சிம்பொனியின் கோடைக்கால இருப்பிடமான டாங்கிள்வுட்டில் நடந்த விழாவுக்காக எட்டு இசையமைப்பாளர்கள் அவருடைய ‘ஆன் த டவுன்’ நாடகத்தின் நியூயார்க் பாட்டை ஆளுக்கொரு விதமாக மாற்றி எழுதினார்கள். பெரியோ, கோரிலியானோ, ஃபாஸ், டாகெமிட்சு, ஜான் வில்லியம்ஸ் எல்லாம் அதில் உண்டு. தொகுப்பாகக் கேட்டால் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பெர்ன்ஸ்டைனே இன்னொரு பிறந்தநாளுக்கு எழுதியது. பாஸ்டன் சிம்பொனியின் நூற்றாண்டுக்கான ‘டைவர்டிமென்டோ’. பாஸ்டனுக்குப் பி, நூற்றாண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குச் சி. இந்த இரண்டு அடுத்தடுத்த சுரங்கள்தான் எட்டுப் பகுதிக்கும் விதை. ஏழு எண்ணிக்கையில் நொண்டும் வால்ட்ஸ் ஒன்று, சாம்பா ஒன்று, ப்ளூஸ் ஒன்று என்று கூத்தும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருக்கும். முடிவுக்குச் சற்று முன் எல்லாம் ஓய்ந்து மூன்று புல்லாங்குழல்கள் மட்டும் ஒன்றையொன்று பின்தொடர்கின்றன. அந்த ஆர்கெஸ்ட்ராவில் இருந்து மறைந்தவர்களுக்கான நினைவு அது. நூறு வயது என்றால் கணக்கில் இறந்தவர்களும் சேர்த்திதானே. உடனே ஆர்ப்பாட்டமான அணிவகுப்பு இசை வந்து அந்த அமைதியைத் துடைத்துப்போட்டுவிடுகிறது.

வயதை எண்ணுவதைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்டவர் கார்ட்டர். டெக்சஸ் மாநிலத்தின் 150 ஆண்டு நிறைவுக்கு ஹூஸ்டன் சிம்பொனி கேட்டதற்காக 1986இல் எழுதிய மூன்று நிமிட ஆர்கெஸ்ட்ரா படைப்பின் பெயரே ‘சுமார் 100 பெருக்கல் 150 சுரங்களின் கொண்டாட்டம்’ என்ற பொருள்படும். பதினைந்தாயிரம் சுரம் என்பதைப் பெருக்கல் கணக்காகவே விட்டுவிட்ட குறும்பு. அதன் உடன்பிறப்பாக 1989இல் வந்த ‘ஆனிவர்சரி’ சொந்தக் கொண்டாட்டம்: அவருக்கும் மனைவி ஹெலனுக்கும் திருமணமாகி ஐம்பது ஆண்டு.

ஆனால் கார்ட்டர் விஷயத்தில் உண்மையான அதிசயம் 2008 டிசம்பர் 11. அன்று அவருக்கு நூறு வயது. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாஸ்டன் சிம்பொனி, நடத்துநர் ஜேம்ஸ் லெவைன், பியானோவில் டேனியல் பாரன்பாய்ம். வாசிக்கப்பட்டது ‘இன்டர்வென்ஷன்ஸ்’, சில நாட்களுக்கு முன்புதான் பாஸ்டனில் முதன்முதலாக ஒலித்த புத்தம் புதிய படைப்பு. எழுதியவர் நேரில் உட்கார்ந்து கேட்கிறார். நூறாவது பிறந்தநாளில் பெறும் இடத்தில் உட்கார வேண்டியவர் கொடுக்கும் இடத்தில் இருக்கிறார்! படைப்பின் அமைப்பும் வாழ்த்துக் கூட்டத்துக்கு நேர் எதிர். ஆர்கெஸ்ட்ரா நீண்ட கோடாகப் பாடிக்கொண்டு போகும்போது பியானோ குறுக்கே வந்து வெட்டும். பியானோ தன் போக்கில் போகும்போது ஆர்கெஸ்ட்ரா தலையிடும். யாரும் யாரையும் புகழ்வதில்லை. அன்றைய நிகழ்ச்சியில் ‘தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்’கும் இருந்தது. 1924இல் இதே பாஸ்டன் சிம்பொனியை மோன்டூ நியூயார்க்குக்குக் கூட்டிவந்து அதை வாசித்தபோது, பதினைந்து வயதுப் பையனாகக் கேட்டுத்தான் இசையமைப்பாளராவது என்று கார்ட்டர் முடிவெடுத்திருந்தார். அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. 2012 நவம்பரில், 103 வயதில் காலமாகும் வரை புதுப் படைப்புகள் வந்துகொண்டே இருந்தன.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் பிறந்தநாளுக்குரியவர் அரங்கில் இருந்தார், அல்லது செய்தி அவரைப் போய்ச் சேர்ந்தது. இசையமைப்பாளர் உன்சுக் சின் எதிர்கொண்ட கேள்வி வேறு. பிறந்தநாளுக்குரியவர் இறந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போகிறது என்றால் வாழ்த்து எப்படி இருக்க வேண்டும்? சின் 1961இல் சோல் நகரில் பிறந்தவர், ஹாம்பர்க்கில் இசையமைப்பாளர் லிகெட்டியிடம் பயின்றவர், பெர்லினில் வாழ்பவர். பேதோவனின் 250ஆவது பிறந்த ஆண்டையொட்டி அவர் எழுதிய ‘சுபிட்டோ கொன் ஃபோர்ட்சா’ 2020 செப்டம்பர் 24 அன்று ஆம்ஸ்டர்டாமில் கன்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ராவால் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. நடத்தியவர் கிளாவுஸ் மாகெலா. கொரோனாவால் உலகெங்கும் அரங்குகள் மூடியும் பாதி திறந்தும் கிடந்த காலம் அது. ஓராண்டு முழுக்க நடக்கவிருந்த பேதோவன் விழாக்களில் பெரும்பகுதி ரத்தாகிப்போயிருந்தது. போதாக்குறைக்கு, பேதோவனின் பிறந்தநாள் எதுவென்று உறுதியான பதிவே கிடையாது. பான் நகரில் 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம் நடந்ததற்குத்தான் சான்று இருக்கிறது.

ஐந்து நிமிடப் படைப்பு. தொடக்கம் யாரையும் ஏமாற்றும். பேதோவனின் ‘கோரியலான்’ முகப்பிசை 1807இல் எப்படித் தொடங்கியதோ அப்படியே: கம்பிக் கருவிகள் எல்லாம் ஒன்றாகச் சி சுரத்தைப் பற்றி இழுக்கின்றன, முழு ஆர்கெஸ்ட்ராவும் ஓர் அடி அடிக்கிறது. தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த சி சுரத்துக்குக் காத்திருக்கும்போது, தரை நழுவுகிறது. பேதோவன் மௌனம் வைத்த இடத்தில் சின் மினுமினுக்கும் தாளக் கருவிகளையும் சலசலப்பையும் நிரப்புகிறார். பிறகு சீற்றம், திடீர் அமைதி, மறுபடி சீற்றம். தலைப்பின் பொருளே ‘திடீரென்று, பலமாக’ என்பதுதான். பேதோவன் தன் படைப்புகளில் எழுதிவைத்த திடீர்க் கட்டளைகளை, பலமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே மெல்ல வாசி, மெல்ல வாசிக்கும்போதே ஓங்கி அடி என்பவற்றை, சின் தனியாகப் பிரித்தெடுத்து அதையே படைப்பாக ஆக்கியிருக்கிறார். வேறு பேதோவன் படைப்புகளின் சாயல்களும் ஊடே வந்து மறையும். ஆனால் எதுவும் ‘இதோ பார், மேற்கோள்’ என்று கையைப் பிடித்து இழுக்காது.

தூண்டுதல், பேதோவனின் உரையாடல் ஏடுகளில் வரும் ஒரு சிறு குறிப்பு. காது கேட்காமல் போன பிறகு, பார்க்க வருபவர்கள் சொல்ல வேண்டியதை ஏட்டில் எழுதிக் காட்டுவார்கள், அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொல்வார். அதனால் அந்த ஏடுகளில் மற்றவர்கள் பேசியதுதான் நிறைய இருக்கிறது, அவர் குரல் அங்கங்கே மட்டும். சின்னின் படைப்பைக் கேட்கும்போது எனக்கு அந்த அமைப்பு தெரிகிறது. பேதோவனின் ஒரு சொல் வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்திருக்கும் என்பதை இன்னொருவர் நிரப்புகிறார். இது என் வாசிப்பு, சின் இப்படிச் சொல்லவில்லை.

பல ஆர்கெஸ்ட்ராக்கள் இப்போது இதை எந்த ஆண்டுநிறைவும் இல்லாமல் கச்சேரியின் முதல் உருப்படியாக வைக்கின்றன, பெரும்பாலும் அதே மாலையில் ஒரு பேதோவன் சிம்பொனியோ கான்செர்டோவோ இருக்கும். வசதியான நீளம், பெரிதாகக் கூடுதல் கருவிகள் கேட்பதில்லை, தாளக் கருவிகளும் பியானோவும் தவிர மற்றபடி பேதோவன் கால அளவுதான். வீட்டில் கேட்க நினைப்பவர்கள் ‘கோரியலான்’ முகப்பிசையின் முதல் அரை நிமிடத்தை முதலில் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, உடனே சின்னின் படைப்பைப் போடலாம். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தேடுவதிலேயே ஐந்து நிமிடமும் ஓடிவிடும்.